நம் பெயர் பெயரடையான கதை



ஐயாவின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தக் கூட்டத்தில் நிலம், கல்வி, தேர் இழுக்கும் உரிமை, தலித் கவிதை என்று பலரும் பேசியிருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னபோது அமைப்புக் குழுத் தோழர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அதுவும் ஆங்கிலச் சொல் என்றதும் தயக்கம் கூடியது. சொல் எது என்று சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தச் சொல் 'பரியா'.

ஆங்கில அகராதிகளில் இது பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது, இன்னொரு பெயருக்கு முன்னால் வந்து நிற்கிற பெயரடையாகவும் இருக்கிறது. எல்லோராலும் ஒதுக்கப்பட்ட, யாரும் சேர்த்துக்கொள்ளாத என்பது பொருள். உலக நாடுகள் ஒன்றுகூடி ஒரு நாட்டைப் புறக்கணித்தால் அது 'பரியா நாடு'. ஊழலில் மாட்டிக்கொண்ட விளையாட்டு வீரருடன் யாரும் பேசாவிட்டால் அவர் 'பரியா'. இப்போது கொஞ்சம் பழைய நடைச் சொல்லாகிவிட்டது. ஆனாலும் தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் அதன் மேல் ஆசை விடவில்லை. டெல்லியிலும் சென்னையிலும் அச்சாகிற ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வருகிறது. இது தமிழிலிருந்து போன சொல், அதுவும் ஒரு சாதியின் பெயர், அந்தச் சாதியில் பிறந்தவர்கள் அதே பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் வருகிறது.

நம் ஊர்த் தெருவில் நாலு பேர் முன்னிலையில் நம்மை இழிவுபடுத்த நம் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதே பெயரை ஆங்கிலத்தில் பெயரடையாக்கி முதல் பக்கத்தில் போட்டால் அது நல்ல நடை. வழக்குப் போட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மக்களின் பெயர் எப்படி ஒரு நிலைமையின் பெயராக மாறியது, மாறும்போது எது காணாமல் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைக் காரைக்காலில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தது பிரெஞ்சு மொழி. 1739 முதல் 1954 வரை நம் மண்ணை ஆண்டவர்களின் மொழி.

முதலில் ஆங்கிலத்தை முடித்துவிடுவோம். கும்பினியார் காலத்து ஆங்கிலத்தில் இந்தப் பெயரடை மூன்று இடங்களில் முக்கியமாக ஒட்டிக்கொண்டது. நாய், பருந்து, சாராயம். ஊரில் திரிகிற சொந்தக்காரன் இல்லாத நாய் 'பரியா நாய்'. குப்பைமேட்டில் வட்டமிடுகிற கரும்பருந்து 'பரியா பருந்து'. பழைய பறவை நூல்களில் அதுதான் அதன் பெயர். கோட்டைச் சிப்பாய்கள் மலிவாக வாங்கிக் குடித்த மட்டமான சரக்கு 'பரியா சாராயம்'. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எசமான் இல்லாதது, கழிவைத் தின்பது, கலப்படமானது. நாய்க்கு எசமான் இல்லை என்பதை இழிவாகப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு உரிய மக்களுக்கோ எசமான் இல்லாத ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. நாய் ஆர்வலர்கள் இன்றும் நம் நாட்டு நாயை அந்தப் பெயரில் ஓர் இனமாகக் குறிக்கிறார்கள். சிலர் மட்டும் இப்போது 'இண்டி' என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது, நல்லது.

ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிய சொற்களையெல்லாம் தொகுத்து 1886இல் வந்த அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. யூல், பர்னெல் என்ற இருவர் செய்தது. இதில் பர்னெல் நமக்குத் தூரத்து ஆளில்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அவருடைய நீதிமன்றத்துக்கு வந்த நில வழக்குகளில் வயலில் இறங்கி உழைத்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த அகராதியும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பாவில் இந்தச் சொல்லைச் சாதியே இல்லாதவன், சாதியிலிருந்து தள்ளப்பட்டவன் என்ற பொருளில் ஆள்வது பிழை; இது தனக்கென்று கட்டுப்பாடும் பெருமையும் உடைய ஒரு சாதியின் பெயர் என்கிறது. பிழை என்று அகராதியே சொல்லி நூற்று நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. பிழைதான் வாழ்கிறது.

சொந்த வீட்டில் இந்தப் பெயர் எப்படி இருந்தது? புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் நான்கு குடிகளை மட்டுமே குடி என்கிறார். துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் அதில் ஒருவன். பறை என்பது கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். சேதி சொல்கிறவன் பெயரில் இழிவு ஒன்றும் இல்லை. பிறகு பல நூற்றாண்டு கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளுக்கு வந்தால், வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது அந்தக் காலத்திலேயே சேரி பிரிந்துவிட்டது. தீண்டாமைக்கும் கல்லில் இடம் கிடைத்துவிட்டது. ஆகவே வெள்ளைக்காரன் வந்துதான் நம் பெயரைக் கெடுத்தான் என்று சொல்லி ஊரைத் தப்பவிடக் கூடாது. மேடைகளில் இப்படிப் பேசுகிறவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். வெள்ளைக்காரன் இழிவைக் கண்டுபிடிக்கவில்லை. ஊரார் வாயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்ச் செய்தது வேறு. 1770இல் வெளியான ரெய்னாலின் இரண்டு இந்தியாக்களின் வரலாறு பிரெஞ்சு வாசகர்களுக்கு இந்தச் சொல்லைப் பரப்பியது. அடுத்து பெர்னார்டின் தெ சேன்-பியர் எழுதிய 'இந்தியக் குடிசை'. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த சிறு கதை. உண்மையைத் தேடி உலகம் சுற்றுகிற ஓர் ஆங்கில அறிஞர் ஜகந்நாதம் போய்த் தலைமைப் பிராமணரைக் கேட்கிறார். பதில் கிடைக்கவில்லை. புயல் மழையில் காட்டில் ஒதுங்குகிறார். அங்கே ஒரு குடிசை. அதில் ஒரு பறையரும் அவர் மனைவியும். அவள் உடன்கட்டையிலிருந்து தப்பிய பிராமண விதவை. உண்மை அந்தக் குடிசையில்தான் இருந்தது என்று கதை முடிகிறது. பாரிஸ் கண்ணீர் விட்டது. அதன்பின் 1821இல் கஸிமிர் தெலவீஞ் 'பரியா' என்று ஒரு சோக நாடகம் எழுதினார். 1823இல் ஜெர்மனியில் மிஷாயேல் பேர் அதே பெயரில் இன்னொரு நாடகம். 1829இல் இத்தாலியில் தோனிஸெத்தி ஓர் இசை நாடகமே செய்துவிட்டார்.

இந்த வரிசையில் கதே வருவது நமக்குச் சுவையானது. 1824இல் அவர் வெளியிட்ட 'பரியா' என்ற மூன்று கவிதைகளின் நடுவில் இருக்கிற கதை என்ன தெரியுமா? நம் மாரியம்மன் கதை. கணவனின் ஆணையால் மகன் தாயின் தலையை வெட்டுகிறான். உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலையை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிவிடுகிறான். தலை பிராமணத்தி, உடல் தள்ளப்பட்டவள். புதுச்சேரியில் இருந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782இல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் கதை இருக்கிறது. அதன் வழியாகத்தான் அது கதேவிடம் போனது. நம் கிழவிகள் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சொல்கிற கதை கப்பலேறி வைமார் போய்விட்டது. மாரியைத் தலை மட்டும் வைத்து வணங்குகிற கோயில்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ உண்டு. அந்த உடல் யாருடையது என்று கேட்கிறவர்கள்தான் குறைவு. கதே அந்தக் கேள்வியைக் கேட்டார், அதை மறுக்க முடியாது. ஒரே உடம்பில் உயர்வும் இழிவும் சேர்ந்து தவிக்கிற தெய்வத்தை அவரால் காண முடிந்தது.

இவ்வளவு படைப்புகளிலும் இல்லாத ஒன்று உண்டு. வேலை. ஐரோப்பிய இலக்கியத்தின் பரியா காட்டில் தனியாக இருக்கிறான். சிந்திக்கிறான், துயரப்படுகிறான், காதலிக்கிறான், உயிரை விடுகிறான். நாற்றுப் பிடுங்குவதில்லை, நடவு நடுவதில்லை, கதிர் அறுப்பதில்லை. அவனுக்குக் கடன் இல்லை, பண்ணை இல்லை, மிராசு இல்லை. அவன் மனைவி வேறொருத்தர் வீட்டு மாட்டுக்கொட்டிலைக் கூட்டுவதில்லை. திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ அந்தக் காலத்தில் யாராவது தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு உண்மையைச் சிந்தித்துக்கொண்டிருக்க விட்டிருப்பார்களா? சேரி தனி ஆளின் இடம் இல்லை. அரசலாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்குக் கூப்பிட்ட நேரத்தில் ஆள் கிடைப்பதற்காக ஊரின் ஓரத்தில் வைக்கப்பட்ட இடம். நம்மைத் 'தள்ளி'வைத்தார்கள் என்பது பாதி உண்மை. தொடக் கூடாத தூரத்தில், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வைத்தார்கள். பரியா என்ற பெயரடை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலமும் உழைப்பும் அடங்கிய இரண்டாம் பாதியை விட்டுவிட்டது.

பாரிசில் கண்ணீர் விட்டவர்களின் ஆட்சி இங்கே எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றைப் பாருங்கள். புதுச்சேரி மாதா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவருக்கும் நம்மவருக்கும் நடுவே சுவர். நம் மக்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிடுகிறார்கள். எல்லோரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்பதுதான் முறையீடு. சுவர் இடிக்கப்படுகிறது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளிக்கிறார்கள். பெர்னார்டின் கதை எழுதுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. கதையில் வருகிற பரியா மனதை மட்டும் தொடுகிறான். நாட்குறிப்பில் வருகிறவர்கள் கூட்டமாகப் போய்ச் சுவரை இடிக்க வைத்தார்கள். அந்த வெற்றியை எழுதிவைத்தவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் எழுதினார்.

பிறகு அந்தச் சொல்லை மற்றவர்கள் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள். ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண் 1838இல் தன் பெரு நாட்டுப் பயண நூலுக்கு 'ஒரு பரியாவின் அலைச்சல்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். கணவனை விட்டு வெளியேறியவர், சட்டம் விவாகரத்து தராத காலம், சொத்துரிமை மறுக்கப்பட்டவர். பின்னாளில் தொழிலாளர் ஒற்றுமைக்காக ஊர் ஊராக அலைந்தவர். அவர் எடுத்துக்கொண்டதை நாம் குறை சொல்லப் போவதில்லை. ஒடுக்கப்பட்ட பெண் தன் நிலையைச் சொல்ல உலகத்திலேயே கடுமையான சொல் எது என்று தேடியிருக்கிறார், நம் பெயர் கிடைத்திருக்கிறது. மிஷாயேல் பேர் யூதர். பெர்லினில் யூதர்களுக்குச் சம உரிமை இல்லாத நாளில், அதை நேராகச் சொல்ல முடியாமல், இந்தியாவை மேடையில் நிறுத்தினார். இவர்களுக்கு நம் பெயர் முகமூடியாக உதவியது. ஆனால் முகமூடிக்குச் சொந்தமான முகம் எங்கே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது மாக்ஸ் வெபர் பாடமாக இருந்தார். யூதர்களைப் 'பரியா மக்கள்' என்று வகைப்படுத்தியவர். சடங்கால் பிரிக்கப்பட்டு, அந்நிய நிலத்தில் விருந்தாளியாக, அரசியல் தன்னாட்சி இல்லாமல் வாழ்கிற மக்கள் என்று அதற்கு இலக்கணம் சொன்னார். வகுப்பில் நடத்தியவர் அந்த இலக்கணத்தைச் சொல்லி, யூத வரலாற்றைச் சொல்லி, விமரிசனங்களைச் சொல்லி முடித்தார். அந்தச் சொல் எந்த மொழி என்று சொல்லவில்லை. வகுப்பில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெபரின் இலக்கணம் சேரிக்குப் பொருந்தவே இல்லை. நாம் எந்த ஊருக்கு விருந்தாளி? காவிரி வண்டலில் நெல் விளைந்த நாள் முதல் இங்கே இருக்கிறவர்கள். விருந்தாளி என்றால் ஒருவேளைச் சோறாவது முற்றத்தில் உட்கார வைத்துப் போட்டிருப்பார்களே.

வெபரைவிட நமக்கு நெருக்கமானவர் பெர்னார் லசார். பிரெஞ்சு யூதர், த்ரேஃபுஸ் வழக்கில் முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். யூதன் தன்னை மறைத்துக்கொண்டு பெரிய மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கக் கூடாது. நான் தள்ளப்பட்டவன்தான் என்று அறிந்து, அறிவித்து, எதிர்த்து நிற்க வேண்டும் என்றார். உணர்வு பெற்ற பரியா என்ற அந்தக் கருத்தை 1944இல் ஹன்னா ஆரென்ட் எடுத்து விரிவாக எழுதினார். லசார் பாரிசில் இப்படி யோசித்த அதே 1890களில் சென்னையில் ஒருவர் அதைச் செய்துகாட்டிவிட்டார். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். தன் சாதிப் பெயரைச் சொல்ல அஞ்சி ஒளிகிற வரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் வாதம். ஆரென்ட்டைப் படித்து வியக்கிற நம் அறிவுத்துறை நண்பர்கள், அந்தக் கருத்துக்குச் சொல்லையும் கொடுத்து, வாழ்க்கையையும் கொடுத்த ஆள் நம் தெருக்காரர் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா?

சீனிவாசன் சொன்னதே முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவே மறுத்தார். அது எதிரிகள் வைத்த பெயர், பூர்வ பௌத்தர்களை இழிவுபடுத்தச் சூட்டிய பெயர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒருவர் இழிவுப் பெயரைக் கையில் எடுத்துக் கொடியாக்கினார். இன்னொருவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மொத்தத் தமிழுக்கும் உரிமை கோரினார். 1922இல் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. இந்த மூன்று வழிகளில் எது சரி என்று நம் அரங்கில் இருபது ஆண்டாகச் சண்டை போட்டிருக்கிறோம், இன்னும் போடுவோம். இழிவுப் பெயரைத் தானே ஏற்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். வணிகக் குலத்தில் பிறந்து உதறியவருக்குத் தேர்வு இருந்தது. நமக்குப் பிறப்பிலேயே எழுதிவிட்டார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு நிலையும் ஒன்றாகிவிடாது.

இந்தப் பெயர்ச் சண்டை நடந்த காலத்தில் ஆங்கிலப் பெயரடை அரசாங்கக் காகிதத்தில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அங்குள்ள நம் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த மனிதருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாளில் செய்தித்தாளிலும் அலுவலகத்திலும் பாதிரிமார் பேச்சிலும் புழங்கிய தொடர் 'பரியா பிரச்சினை'. கவனியுங்கள். பிரச்சினை மிராசுதார் இல்லை. கூலியை அளக்கிற மரக்கால் இல்லை. மனைப்பட்டா தராமல் குடிசையைப் பிரித்துப் போடுகிற அதிகாரம் இல்லை. பிரச்சினைக்கு முன்னால் நிற்கிற பெயரடை நம் பெயர். செய்தவன் வாக்கியத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். செய்யப்பட்டவன் மட்டும் பிரச்சினையாக நிற்கிறான். ஐரோப்பிய நாடகத்தில் நடந்ததும் இதேதான். ஒதுக்கப்பட்டவன் தெரிவான், ஒதுக்கியவன் தெரியமாட்டான். இந்தச் சொல்லின் வேலையே இதுதான் என்பது நம் முடிவு.

பெயரடை என்றால் இலக்கண வகுப்பு விஷயம் என்று நினைக்கிறவர்கள் கீழவெண்மணியை நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து அதிக தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25இல் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். செல்வமும் மதிப்பும் உள்ள அவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது. அங்கே 'மதிப்புள்ள' என்ற அடைமொழி சாட்சியத்தைவிட வலுவாக இருந்தது. ஓர் அடைமொழி ஒருவரை நம்பத்தக்கவர் ஆக்கும், இன்னொன்று ஒரு மக்களையே பிரச்சினை ஆக்கும்.

பிரெஞ்சு ஆட்சி நமக்கு ஒரு விசித்திரமான கதவையும் திறந்துவைத்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி இங்குள்ள யாரும் தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகலாம். போகிறவர் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். 'ரெனொன்சான்' என்று சொன்னார்கள். துறந்தவர்களில் நம் மக்கள் பலர் இருந்தார்கள். சாதிக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் சாதி வழக்கத்தை விட மனமில்லாமல் நின்றுவிட்டார்கள். ஒரு கையெழுத்தில் நம்மவர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஊர் அதே பெயரில்தான் கூப்பிட்டது என்றாலும் காகிதத்தில் வேறு ஆள் ஆனார்கள். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பட்டாளத்துக்கும் சைகோனுக்கும் பாரிசுக்கும் போனவர்களின் பேரன்கள் நம் தெருக்களில் இன்றும் ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

இப்போது இருக்கிற காகிதம் வேறு மாதிரி. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை வந்தது 1964இல். அந்த நாளில் இந்த ஆட்சிப்பகுதிக்குள் குடியிருந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்தான் இங்கே பூர்வீகம். பிறகு வந்தவர்கள் குடியேறியவர்கள். நம் காரைக்காலோ நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொறையாற்றிலும் நாகூரிலும் மயிலாடுதுறையிலும். நண்டலாற்றைத் தாண்டி வாழ வந்த பெண்ணுக்குச் சேரி அதே சேரி, டீக்கடைக் குரல் அதே குரல். சான்றிதழுக்கு மட்டும் அவள் வெளியூர்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நம் குடியிருப்புக்குக் 'காலனி' என்று பெயர். பிரெஞ்சுக் காலனிக்குள் பிறந்த நம் தாத்தாக்களுக்கு அந்தச் சொல்லின் ஒரு பொருள் தெரியும், பேரன்களுக்கு வேறொரு பொருள் தெரியும். 'காலனிப் பையன்' என்று சொல்லும்போது அதுவும் பெயரடைதான். 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் அந்தச் சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் அறிவிப்பு. பேருந்தில் இருபது நிமிடம் இந்தப் பக்கம் வந்தால் பழைய பலகைதான்.

கடல் தாண்டிப் போனவர்களிடமும் இந்தச் சொல் கூடவே போனது. நம் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரெயுனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கூலிகளாக ஏற்றிப்போனார்கள். பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் மலாயாவுக்குப் போனார்கள். மலாய் மொழிக்குள்ளும் 'பரியா' நுழைந்து வசையாகிவிட்டது. அப்துல்லா ஹுசைன் என்ற மலாய் எழுத்தாளரின் 'இன்டர்லோக்' நாவல் 1971இல் வந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்களின் கதை. 2011இல் அதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலக்கியப் பாடமாக வைத்தார்கள். மலாயாவுக்கு வந்த இந்தியத் தொழிலாளர்கள் பரியா சாதியினர் என்று அதில் எழுதியிருந்ததால் பெரும் போராட்டம் எழுந்தது. ஆண்டு முடிவதற்குள் நாவலைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வசையைப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வைக்கக் கூடாது என்று போராடியதை ஆதரிக்கிறோம். தமிழ்ப் பிள்ளையை மற்ற பிள்ளைகள் அந்தச் சொல்லால் கேலி செய்ய எவ்வளவு நேரமாகும்? ஆனால் அந்தப் போராட்டத்துக்குள் ஒலித்த இன்னொரு குரலையும் நாம் கேட்டோம். 'எங்களை எப்படிப் பறையர் என்று சொல்லலாம், நாங்கள் வேறு சாதி' என்ற குரல். அந்தக் குரலுக்கு வசை பிரச்சினை இல்லை, முகவரிதான் பிரச்சினை. தவறான வீட்டில் போட்டுவிட்டார்கள், பக்கத்து வீட்டில் போட்டிருந்தால் சரி. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பக்கத்து அறையில் இருந்த குடும்பத்தின் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். தன் பாட்டனின் பெயர் இவ்வளவு பெரிய அவமானம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் அது கேட்டது. புத்தகத்திலிருந்து ஒரு முறை, போராட்ட மேடையிலிருந்து ஒரு முறை. அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து அந்தச் சர்ச்சையை எழுத நம்மில் ஒருவர் முன்வர வேண்டும். அது ஒரு நாவலுக்கான விஷயம்.

இங்கே நம் அரசியல்வாதிகள் இன்னொன்று செய்கிறார்கள். கூட்டணியில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் 'அரசியல் தீண்டாமை' என்கிறார்கள். நாலு தலைமுறைக்கு நிலமும் கல்லூரியும் வைத்திருக்கிறவர் இரண்டு சீட்டு கிடைக்காததற்குத் தீண்டாமை என்கிறார். தமிழ்ச் செய்தித்தாள்கள் ஆங்கிலத்தின் 'பரியா நாடு' என்பதைத் 'தீண்டத்தகாத நாடு' என்று மொழிபெயர்க்கின்றன. தென்னாப்பிரிக்காவை நிறவெறிக்காக உலகம் ஒதுக்கிய நாளில் ஆங்கில ஏடுகள் அந்த அரசைப் பரியா என்றன. யோசித்துப் பாருங்கள். கறுப்பு மக்களைத் தனிக் குடியிருப்பில் அடைத்த அரசுக்கு, தனிச்சேரியில் அடைக்கப்பட்ட மக்களின் பெயர். குற்றம் செய்தவனுக்குத் தண்டனையாக நம் பெயரைக் கொடுத்தார்கள்.

மொழிபெயர்க்கிற தோழர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்லலாம். செய்தியில் வந்தால் 'உலக நாடுகள் ஒதுக்கிவைத்த அரசு' என்று எழுதுங்கள். ஒதுக்கியது யார் என்று வாக்கியத்தில் வந்துவிடும். 'தீண்டத்தகாத' வேண்டாம். அது இன்னும் ஓர் உவமையாகிற அளவுக்கு இறந்துவிடவில்லை. சமூகவியல் நூலில் வந்தால் 'பரியா' என்று ஒலிபெயர்த்துவிட்டு, சொல் எங்கிருந்து போனது என்று அதே பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். நீங்களே கதையும் கவிதையும் எழுதும்போது எப்படி ஆள்வது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீனிவாசனும் பண்டிதரும் எதிரெதிராக நின்றது அதற்கான சுதந்திரத்தையும் சேர்த்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறது.

பழைய இலக்கியம்தான் சிக்கல். நம் அரங்கத்தின் இளம் தோழர் ஒருவர், நெடுங்காட்டுப் பக்கத்துப் பெண், பிரெஞ்சு படித்தவர், 'இந்தியக் குடிசை'யைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் குடிசைக்காரன் முதலில் வருகிற இடத்தில் மூன்று வாரமாக நிற்கிறார். 'பரியா' என்று போட்டால் அவன் பாரிசின் பொம்மையாகவே இருப்பான். 'தள்ளப்பட்டவன்' என்றால் பெர்னார்டின் செய்த பிழையை நாமும் செய்கிறோம். 'பறையர்' என்று மரியாதை விகுதியோடு எழுதினால், காட்டில் தனியாக இருப்பவர் திடீரென்று அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சேரி, வயல் எல்லாம் உடையவர் ஆகிவிடுகிறார். கதையே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது. அவர் மூன்றாவதை எழுதிவைத்திருக்கிறார். ஆட்டம் காணட்டும் என்கிறார். முதல் இருபது பக்கத்தின் நகல் பின் மேசையில் இருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு, தேநீருக்குப் பிறகு நடக்கும் கலந்துரையாடலில் அவரிடமே சொல்லுங்கள்.